கேபிளைத் திருப்பிச் சொருகினா சார்ஜ் ஏறல, அதுக்கு பேட்டரிய மாத்துங்கன்னு சொல்றாங்க

ஒரே சார்ஜர், ஒரே கேபிள், லேப்டாப்புல சார்ஜுக்குன்னு ஒரே ஓட்டை. கேபிளை ஒரு பக்கமா சொருகினா சார்ஜ் ஏறுது. அதையே உருவி, தலையைத் திருப்பி மறுபக்கமா சொருகினா ஏறல. மறுபடி திருப்பினா ஏறுது. எத்தனை வாட்டி செஞ்சு பாத்தாலும் இது மாறவே இல்ல. இதைத்தான் மாசக்கணக்கா லேப்டாப் கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன், சாட்ல சொன்னேன், ஃபோன்ல சொன்னேன், ஈமெயில் எழுதினேன், வீடியோ எடுத்து அனுப்பினேன், சர்வீஸ் சென்டர் கவுன்டர்ல நின்னு செஞ்சே காட்டினேன். எல்லா இடத்துலயும் வந்த பதில் ஒண்ணுதான். பேட்டரி வீக் ஆயிருச்சு மேடம், பேட்டரிக்கு வாரண்டி ஒரு வருஷம்தான், அது முடிஞ்சிருச்சு, காசு கட்டினா மாத்தித் தர்றோம்.

பேட்டரிக்கு கேபிள் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு தெரியவே தெரியாதே! இந்த ஒரு கேள்விக்கு அவங்க யாருமே பதில் சொல்லல.

கம்பெனி பேரையும் கடை பேரையும் எழுதப் போறதில்ல, விஷயம் இன்னும் முழுசா முடியல. ஆனா நடந்ததை எழுதியே ஆகணும்னு தோணுது, ஏன்னா இந்தப் பிரச்சினை எனக்கு மட்டும் வர்றது இல்ல. இப்ப லேப்டாப்பு, ஃபோனு, டேப்லட் எல்லாமே யுஎஸ்பி டைப் சிக்கு வந்திருச்சு, ஐரோப்பாவுல 2026 ஏப்ரல் 28லேர்ந்து புதுசா விக்கிற லேப்டாப்புக்கு அதைச் சட்டமாவே ஆக்கியிருக்காங்க. நல்ல விஷயம்தான், வீட்டுல ஒரு சார்ஜர் போதும். ஆனா அந்த ஒரு ஓட்டை கெட்டுப்போச்சுன்னா மொத்த லேப்டாப்பும் படுத்துரும், அப்ப கம்பெனி பேட்டரிய காட்டிட்டு நகர்ந்துட்டா நம்ம கதி என்ன?

என் வேலை சிங்கப்பூர்ல தேக்கா பக்கத்துல இருக்கிற சின்னச் சின்னக் கடைங்களுக்கு கணக்கு எழுதுறது. துணிக்கடை, மளிகைக்கடை, சாப்பாட்டுக்கடை. ஜிஎஸ்டி ரெஜிஸ்டர் பண்ணின கடைங்க காலாண்டு முடிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள வரி வாங்குற ஐராஸுக்கு கணக்கு காட்டிடணும். தேதி தாண்டினா எடுத்த எடுப்புலயே 200 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், அபராதம், அப்புறம் மாசா மாசம் 200 ஏறிக்கிட்டே போகும். அந்தக் கடைசி வாரத்துல லேப்டாப் படுத்துச்சுன்னா அந்த அபராதம், என்னை நம்பி பில்லுக்கட்டை பிளாஸ்டிக் பையில போட்டுக் குடுத்த அண்ணன் தலையில விழும். அதனால எனக்கு லேப்டாப்புங்கிறது படம் பாக்கிற சாமான் இல்ல.

வாங்கி ஒண்ணரை வருஷம் ஆகுது. மொத்த லேப்டாப்புக்கு வாரண்டி ரெண்டு வருஷம், பேட்டரிக்கு மட்டும் தனியா ஒரு வருஷம். இந்தத் தனிக்கணக்கை வாங்கும்போது கடையில வாயால சொல்ல மாட்டாங்க, வாரண்டி புத்தகத்துல பொடி எழுத்துல இருக்கும். நிறைய கம்பெனி இப்படித்தான் வச்சிருக்கு, பேட்டரி தேயுற சாமான், டயர் மாதிரி, அதனால குறைச்ச காலம்தான்னு காரணம் சொல்வாங்க. அந்தக் காரணத்தை நான் ஒத்துக்கிறேன். ஆனா சார்ஜ் ஏறாத எல்லாத்தையும் பேட்டரிக் கணக்குல எழுதுறதை எப்படி ஒத்துக்க முடியும்?

முதல்ல வந்தது சின்ன அறிகுறிதான். வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போது ஸ்கிரீன் வெளிச்சம் டக்குனு குறையும், அடுத்த செகண்ட் திரும்ப ஏறும். கீழ மூலையில இருக்கிற பேட்டரி படத்துல ப்ளக் குறி வரும், போகும். சுவத்து சுவிட்ச்சைப் பாத்தேன், அடுத்த ரூம்ல போட்டுப் பாத்தேன், மாறல. அப்புறம் சார்ஜர் மேல சந்தேகம் வந்துச்சு. எதுத்த வீட்டு அக்கா மகன் பாலிடெக்னிக்ல படிக்கிறான், அவன்கிட்டயும் 65 வாட் சார்ஜர்தான், வேற கம்பெனி, சேஃப்டி மார்க் போட்டது. நம்ம ஊர்ல அடாப்டர் விக்கணும்னா அந்தக் குறி கட்டாயம், அரசாங்கத்துல பதிஞ்சிருக்கணும், அது இல்லாம ஆன்லைன்ல மலிவா வர்றதை வாங்கி லேப்டாப்புல சொருகிடாதீங்க. அவன் சார்ஜரைப் போட்டாலும் என் லேப்டாப்புல அதே கதைதான். என் சார்ஜரை அவன் லேப்டாப்புல போட்டா எந்தப் பக்கமா சொருகினாலும் ஏறுது. அவன்தான் கவனிச்சுச் சொன்னான், ஆண்டி, ஒரு பக்கமா போட்டா மட்டும்தான் ஏறுது பாருங்கன்னு. அதோட சார்ஜரும் கேபிளும் கணக்குலேர்ந்து கழிஞ்சிருச்சு.

அடுத்து பேட்டரி. இதை யாரு வேணாலும் வீட்டுலயே பாக்கலாம், காசு செலவில்ல. விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் தொறந்து, பவர்சிஎஃப்ஜின்னு அடிச்சு ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட்னு சேத்து அடிக்கணும், எல்லாம் இங்கிலீஷ் எழுத்துலதான். என்டர் தட்டினா ஒரு ஃபைல் எந்த இடத்துல சேவ் ஆச்சுன்னு சொல்லும், அதை பிரவுசர்ல தொறக்கலாம். அதுல டிசைன் கெப்பாசிட்டின்னு ஒரு எண், ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னு ஒரு எண். முதலாவது புதுசுல எவ்வளவு புடிக்கணும்ங்கிறது, ரெண்டாவது இப்ப எவ்வளவு புடிக்குதுங்கிறது. என்னோடதுல முதலாவது 57,000 மில்லிவாட் அவர், ரெண்டாவது 52,000. அதாவது நூத்துக்கு தொண்ணூத்தொண்ணு. லித்தியம் அயான் பேட்டரி சாதாரணமா 300லேர்ந்து 500 தடவை முழுசா ஏறி எறங்கினப்புறம்தான் 80 பக்கம் வரும்னு கணக்கு, அதையும் தாண்டி வர்ற பேட்டரியும் இருக்கு. என் பேட்டரி நல்லாவே இருக்கு. பேட்டரி வீக்னா சார்ஜ் ஏறும், ஆனா சீக்கிரம் எறங்கும், இல்ல 30ல இருக்கும்போதே திடீர்னு அணைஞ்சு போகும். எனக்கு அப்படி எதுவுமே இல்ல. ஏறுற பக்கம் சொருகினா கிடுகிடுன்னு ஏறி, நல்லா மணிக்கணக்கா தாங்குது.

இவ்வளவையும் பாத்து எழுதி வச்சுக்கிட்டுத்தான் சப்போர்ட்டைக் கூப்பிட்டேன். முதல்ல சாட்ல ஒரு ரோபோ. அதைத் தாண்டி ஆளு வர்றதுக்கே பொறுமை வேணும். ஆளு வந்ததும் சீரியல் நம்பர் குடுங்க, வாங்கின தேதி குடுங்க, ரசீது படம் அனுப்புங்க. எல்லாம் குடுத்தாச்சு. பிரச்சினைய நான் ரெண்டே வரியில எழுதினேன். பதிலுக்கு வந்தது, பவர் பட்டனை 30 செகண்ட் அழுத்திப் புடிங்க. செஞ்சேன். டிவைஸ் மேனேஜர்ல பேட்டரி டிரைவரை எடுத்துட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. செஞ்சேன். பேட்டரிய சுத்தமா எறக்கிட்டு முழுசா ஏத்துங்க. அதையும் செஞ்சேன், ஒரு வேலை நாள் போச்சு. ஒவ்வொண்ணும் செஞ்சப்புறம் நான் எழுதினது ஒரே வரிதான், இப்பவும் ஒரு பக்கம் ஏறுது மறுபக்கம் ஏறல. அந்த வரியை ஒருத்தராவது படிச்சிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும்.

அப்புறம் பயாஸை, அதாவது லேப்டாப்பை எழுப்பி விடுற அடிப்படை சாஃப்ட்வேரை, அப்டேட் பண்ணச் சொன்னாங்க. பயாஸ் அப்டேட் பண்ணணும்னா சார்ஜர் மாட்டியிருக்கணும், அது பாதுகாப்புக்கு வச்ச விதி, நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டே செத்துரும். என் லேப்டாப்புல சார்ஜர் மாட்டியிருக்கா இல்லையாங்கிறதே விட்டு விட்டு வருது. அந்த நிலைமையில பயாஸை அப்டேட் பண்ணுங்கன்னு எழுதுறாங்கன்னா, அந்தாளு என் பிரச்சினைய ஒரு நிமிஷம்கூட நினைச்சுப் பாக்கலன்னுதானே அர்த்தம்? நான் மாட்டேன்னு எழுதினேன், காரணத்தையும் எழுதினேன். ரெண்டு நாள் கழிச்சு ஈமெயில் வருது, நாங்க சொன்ன வழிமுறைகளை வாடிக்கையாளர் செய்யாததால உங்க புகார் டிக்கெட்டை மூடிட்டோம்னு. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல. புது டிக்கெட் போட்டா புது ஆளு, மறுபடி சீரியல் நம்பர், மறுபடி பவர் பட்டன் 30 செகண்ட்.

அங்க உக்காந்து பேசுற பிள்ளைங்க மேல எனக்குக் கோவம் இல்ல, அதை இங்க தெளிவா சொல்லிடுறேன். அவங்க முன்னாடி ஒரு ஸ்கிரீன்ல கேள்வி வரிசையா வருது, அந்த வரிசைய விட்டு வெளிய போக அவங்களுக்கு அதிகாரம் குடுக்கல. சார்ஜ் ஏறலன்னு ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கினா பேட்டரிக்குத்தான் போகும். கேபிளைத் திருப்பினா ஏறலங்கிறதுக்கு அந்த ஸ்கிரீன்ல பட்டன் இல்ல. கால்ல முள்ளு குத்தியிருக்குன்னு போனவனுக்கு தலைவலி மாத்திரை குடுத்து அனுப்புற மாதிரிதான், ஏன்னா அந்த மருந்துக்கடையில அது ஒண்ணுதான் இருக்கு. அந்த வரிசைய எழுதினது யாரு, பேட்டரிய முதல்ல வச்சது யாரு, அவங்க மேலதான் என் கோவம். பேட்டரின்னு முடிச்சா ஒரு வருஷம் தாண்டின எல்லாரும் காசு கட்டணும். போர்ட்டுன்னு, அதாவது கேபிள் சொருகுற ஓட்டைன்னு, முடிச்சா அது மெயின் போர்டுல ஒட்டியிருக்கிற சாமான், ரெண்டு வருஷ வாரண்டிக்குள்ள வந்துரும், கம்பெனி செலவு. இந்த வித்தியாசம் எழுதினவங்களுக்குத் தெரியாதுன்னு நான் நம்பல.

சர்வீஸ் சென்டருக்கு நேர்லயே தூக்கிட்டுப் போனேன், கிழக்குப் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடம், எம்ஆர்டி ரயில்லேர்ந்து எறங்கி பஸ் மாறி வெயில்ல நடக்கணும். நம்பர் எடுத்து உக்காந்து, கவுன்டர்ல அந்தப் பிள்ளைக்கு முன்னாடியே சொருகிக் காட்டினேன், திருப்பிக் காட்டினேன். அவ பாத்தா. ஆமா மேடம்னு தலையும் ஆட்டினா. ஆனா ஃபார்ம்ல அடிக்கும்போது சார்ஜிங் பிரச்சினைன்னு ரெண்டு வார்த்தைதான் அடிக்கிறா. முழுசா எழுதும்மான்னேன், இந்தக் கட்டத்துல இவ்வளவுதான் எழுத முடியும்னா. உள்ள இருக்கிற டெக்னீஷியனைப் பாக்க விட மாட்டாங்க. சோதனைக் கட்டணம்னு முன்கூட்டியே காசும் வாங்கிட்டாங்க, வாரண்டிக்குள்ள வந்தா திருப்பித் தருவோம்னு சொல்லி.

நான் என்ன பண்ணேன்னா ஒரு தாள்ல பெரிய எழுத்துல, கேபிளை ரெண்டு பக்கமும் திருப்பிச் சொருகிப் பாக்கவும்னு இங்கிலீஷ்ல எழுதி, கேபிள் தலை படம் வரைஞ்சு, ஏறுற பக்கம் ஏறாத பக்கம்னு அம்புக்குறி போட்டு, லேப்டாப் மூடி மேல டேப் வச்சு ஒட்டிக் குடுத்தேன். அதுக்கு மேல ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? குடுக்கிறதுக்கு முன்னாடியே கடைக்காரங்க கணக்கு எல்லாத்தையும் வெளி டிரைவ்ல எடுத்துட்டு லேப்டாப்புலேர்ந்து அழிச்சிட்டேன், ரிப்பேர்ல டேட்டா போனா பொறுப்பில்லன்னு கையெழுத்து வாங்குறாங்க, அதுவும் இல்லாம அடுத்தவங்க கணக்கு யாரு கண்ணுலயும் படக்கூடாது.

திரும்ப வந்துச்சு. மூடி மேல நான் ஒட்டின தாள் அப்படியே இருக்கு, ஒரு மூலைகூட பிரியல. உள்ள வச்சிருந்த ரிப்போர்ட்ல ஒரு வரி, சார்ஜ் ஆகுது, பிரச்சினை எதுவும் காணல, பேட்டரி மாத்தப் பரிந்துரைக்கிறோம். ஏறுற பக்கமா ஒரு தடவை சொருகியிருக்காங்க, ஏறியிருக்கு, முடிஞ்சுது. பிரச்சினையே இல்லன்னா எதுக்கு பேட்டரிய மாத்தச் சொல்றாங்க? ஒரே வரியில ரெண்டும் எப்படி வரும்? கவுன்டர்ல கேட்டேன். டெக்னீஷியன் எழுதினதுதான் மேடம்னு சொன்னாங்க. அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல உக்காந்து எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, உண்மையச் சொல்றேன். காசு போறது ஒரு பக்கம். நாம கண்ணால பாத்து, சோதிச்சு, எழுதிக் குடுத்ததை ஒருத்தரும் ஒரு பொருட்டா எடுத்துக்கலையேன்னுதான் ரொம்ப வலிச்சுது.

எனக்குத் தெளிவு கிடைச்சது சிம் லிம் ஸ்கொயர்ங்கிற எலக்ட்ரானிக்ஸ் கடைக் கட்டடத்து மாடியில. ரோச்சோர் எம்ஆர்டிக்குப் பக்கத்துல, தேக்காவுலேர்ந்து நடந்தே போயிரலாம். சிம் லிம்னாலே ஏமாத்துற இடம்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா இருக்கு, கீழ் மாடியில முன்னாடி நடந்த கூத்துங்களை மறக்க முடியாதுதான், ஆனா மேல் மாடிங்கள்ல ரிப்பேர் பாக்குற சின்னக் கடைங்க பலதுல நல்ல கைகாரங்க இருக்காங்க. நான் கணக்கு எழுதுற துணிக்கடை அண்ணன்தான் ஒரு கடைக்கு அனுப்பி வச்சாரு. அங்க வேலை பாக்கிற தம்பி ஜோகூர்காரரு, தினமும் பாலம் தாண்டி வந்து போறவரு. நான் சொன்னதை முழுசா கேட்டாரு. நடுவுல ஒரு வார்த்தை பேசல. முடிச்சதும், "திருப்பிப் போட்டா ஏறலையாக்கா? அப்ப இது பேட்டரி இல்லக்கா, சிசி பின்னு"ன்னு சொல்லிட்டு ஒரு சின்ன மீட்டரை எடுத்தாரு, கட்டைவிரல் அளவுதான் இருக்கும், ஒரு பக்கம் கேபிள் சொருகுற ஓட்டை, மறுபக்கம் லேப்டாப்புல சொருகுற தலை, நடுவுல குட்டி ஸ்கிரீன்.

ஏறுற பக்கமா சொருகினாரு. ஸ்கிரீன் எரிஞ்சுது, முதல்ல 5 வோல்ட்னு காட்டுது, கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள 20ன்னு தாவிருச்சு, கீழ ஆம்பியர் 2, 2.5ன்னு ஏறுது. உருவி, திருப்பிச் சொருகினாரு. ஸ்கிரீன் எரியவே இல்ல. ஒரு எண்ணும் இல்ல, கருப்பு. மறுபடி திருப்பினாரு, 5, 20. திருப்பினாரு, கருப்பு. "கரண்டே லேப்டாப்புக்குள்ள போகலக்கா, அப்புறம் பேட்டரி என்னத்த பண்ணும்?"னாரு. நான் மாசக்கணக்கா கத்தினது அந்தக் கட்டைவிரல் அளவு மீட்டர்ல ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுது.

அவரு விளக்கினதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். டைப் சி ஓட்டைக்குள்ள ஒரு நாக்கு இருக்கும், அதுல மேல 12 கீழ 12ன்னு மொத்தம் 24 பின்னு. அதுல மேல் வரிசையில ஒரு சிசி பின்னு, கீழ் வரிசையில ஒரு சிசி பின்னு. கேபிளுக்குள்ள சிசி கம்பி ஒண்ணே ஒண்ணுதான். நாம எந்தப் பக்கமா சொருகுறோமோ அதைப் பொறுத்து அந்தக் கம்பி மேல் பின்னைத் தொடும், இல்ல கீழ் பின்னைத் தொடும். டைப் சி சார்ஜர் எப்பவும் கரண்டை விட்டுக்கிட்டே இருக்காது, இந்தக் கம்பி வழியா எதிர்ல யாராவது இருக்காங்களான்னு பாக்கும், இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான் 5 வோல்ட்டைத் தொறக்கும், அப்புறம் அதே கம்பியில ரெண்டும் பேசிக்கிட்டு, லேப்டாப் 20 வேணும்னு கேட்டா 20 குடுக்கும். ஒரு சிசி பின்னு செத்துப்போச்சுன்னா அந்தப் பக்கமா சொருகும்போது சார்ஜருக்கு எதிர்ல லேப்டாப் இருக்கிறதே தெரியாது. அதனால ஒரு சொட்டுக் கரண்டும் வராது. இதுல பேட்டரிக்கு எங்க வேலை இருக்கு?

அப்புறம் கேமரா வச்ச பூதக்கண்ணாடியில ஓட்டைக்குள்ள காட்டினாரு. நாக்கு மேல தங்கக் கலர்ல கோடு கோடா வரிசையா பின்னு, அஞ்சாவது கோடு மட்டும் நுனியில கறுத்துப்போய் இருக்கு. வளையல, நசுங்கல, கறுத்திருக்கு அவ்வளவுதான். அதுக்கு ஒட்டினாப்புல நாலாவது பின்னுல 20 வோல்ட் ஓடுது, ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை மில்லிமீட்டர்தான் தூரம், உருவும்போது அது இதைத் தொட்டா சிசி பின்னு தாங்காது, அதைத் தடுக்கவே தனி சிப்பு இருக்கு, போர்டுல அதை ஒழுங்கா வச்சிருந்தா இப்படி ஆகக் கூடாதுன்னாரு. தொறந்து பாக்கவான்னு நான்தான் கேட்டேன், "வேணாங்க்கா, வாரண்டி இருக்கு, நான் தொறந்தா அவங்களுக்கு அதுவே சாக்கு"ன்னு மறுத்துட்டாரு. மீட்டர் ரீடிங் ரெண்டு பக்கமும், பூதக்கண்ணாடிப் படம், பின்னு வளைஞ்சதோ அடிபட்டதோ தடயம் இல்ல, தண்ணி பட்ட அடையாளம் இல்லன்னு கடை லெட்டர்ஹெட்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்தாரு. அதுக்குக் கேட்ட காசு ரொம்பக் கொஞ்சம். தெரிஞ்ச வேலைய இப்படிப் பாக்கிற ஆளுங்க இருக்கிறதாலதான் இந்த ஊர்ல இன்னும் சாமானை ரிப்பேர் பண்ணி வச்சுக்க முடியுது.

அந்தத் தாளை வச்சுக்கிட்டு நான் திரும்ப சப்போர்ட்டைக் கூப்பிடல. வாங்கின கடைக்குப் போனேன். இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறேன். கோளாறான சாமானை வித்தா என்ன செய்யணும்ங்கிற சட்டம், நம்ம ஊர்ல லெமன் லான்னு சொல்றாங்களே, 2012 செப்டம்பர் 1லேர்ந்து நடைமுறையில இருக்கிறது, அதுல பொறுப்பு வித்த கடைக்குத்தான். நாம காசு குடுத்தது கடைக்கு, ஒப்பந்தம் கடையோட. வாங்கி ஆறு மாசத்துக்குள்ள கோளாறு வந்தா அது விக்கும்போதே இருந்ததுன்னுதான் எடுத்துக்குவாங்க, இல்லன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். முதல்ல ரிப்பேர் இல்ல மாத்திக் குடுக்கிறது, அது நியாயமான நேரத்துல நடக்கலன்னா விலையில குறைச்சுக் குடுக்கிறது இல்ல காசைத் திருப்பிக் குடுக்கிறது. ஆறு மாசம் தாண்டிருச்சுன்னா நிரூபிக்கிற வேலை நம்ம தலையில. எனக்குத் தாண்டிருச்சு, அதனாலதான் அந்தத் தம்பி எழுதிக் குடுத்த தாளு எனக்கு அவ்வளவு முக்கியமாச்சு. இதோட மெயின் வாரண்டி வேற இன்னும் உயிரோட இருக்கு.

கடையில முதல்ல, இதெல்லாம் சர்வீஸ் சென்டர் விஷயம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னுதான் ஆரம்பிச்சாங்க. நான் சத்தம் போடல. தாளைக் காட்டினேன், வீடியோவைக் காட்டினேன், சர்வீஸ் சென்டர் எழுதின அந்த ஒரு வரியைக் காட்டினேன். எழுத்துல பதில் குடுங்க, நான் பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதுறேன், அங்கயும் முடியலன்னா சின்னத் தொகை வழக்கைப் பாக்குற ஸ்மால் கிளைம்ஸ் டிரிபியூனல் போறேன்னு சொன்னேன். 20,000 வெள்ளி வரைக்கும் அங்க போகலாம், ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா 30,000, வக்கீல் வச்சுக்க அனுமதி இல்ல, நாமளே பேசணும், 5,000 வெள்ளிக்குள்ள நம்ம மாதிரி பயனீட்டாளர் போடுற கிளைம்னா கட்டணம் 10 வெள்ளி, ஆன்லைன்லயே போட்டுரலாம். பிரச்சினை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அதை மட்டும் நினைவுல வச்சுக்கணும். மேனேஜர் வந்தாரு, தாளை உக்காந்து படிச்சாரு. படிச்சாரு! மாசக்கணக்குல நான் குடுத்த ஒரு தாளை அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தர் முதல் தடவையா உக்காந்து படிச்சாரு. அவரே கம்பெனியில யாரையோ கூப்பிட்டு, லேப்டாப்பை கடை வழியா அனுப்பி வச்சாரு.

இந்தத் தடவை வந்த ரிப்போர்ட்ல மெயின் போர்டு மாத்தப்பட்டது, வாரண்டியில, கட்டணம் இல்லன்னு இருந்துச்சு. பேட்டரி பேச்சே இல்ல. அதே பழைய பேட்டரிதான், அதே சீரியல் நம்பர், வீட்டுக்கு வந்து ரிப்போர்ட் எடுத்துப் பாத்தேன், அதே 52,000. எந்தப் பக்கமா சொருகினாலும் ஏறுது. வீக் ஆயிருச்சுன்னு மாசக்கணக்கா சொன்ன பேட்டரிதான் இது. யாராவது ஒருத்தர் கூப்பிட்டு, நாங்க சொன்னது சரியில்ல மேடம்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு பாத்தேன், வரல. வந்தது ஒரு சர்வே லிங்க்கு, எங்க சேவை எப்படி இருந்துச்சு, அஞ்சு நட்சத்திரத்துல எத்தனைன்னு.

அந்த சர்வேயில எழுத இடம் கொஞ்சம்தான் குடுத்திருந்தாங்க, ஆனா எழுதினேன். உங்க கேள்வி வரிசையில ஒரே ஒரு கேள்வியைச் சேருங்க, கேபிளைத் திருப்பிச் சொருகினா மாறுதான்னு. மாறுதுன்னா பேட்டரிப் பக்கமே போகாதீங்க, நேரா போர்ட்டுக்குப் போங்க. சர்வீஸ் சென்டர்ல டைப் சி லேப்டாப்பு எது வந்தாலும் ரெண்டு பக்கமும் சொருகி, மீட்டர் ரீடிங்கை ஃபார்ம்ல எழுதணும்னு வையுங்க. வாடிக்கையாளர் ஒட்டின தாளைப் பிரிச்சுப் படியுங்க. இதுல எதுக்கும் பெரிய செலவு கிடையாது.

உங்ககிட்ட இருக்கிறது வாங்கி ஆறு மாசத்துக்குள்ள உள்ள லேப்டாப்புன்னா இன்னிக்கே கேபிளை ரெண்டு பக்கமும் சொருகிப் பாத்துருங்க, ஒரு நிமிஷ வேலை. சார்ஜ் போற ஓட்டை ரெண்டு இருந்தா ரெண்டுலயும் பாருங்க. ஒரு பக்கம் ஏறல, இல்ல விட்டு விட்டு ஏறுதுன்னா ஃபோன்ல வீடியோ எடுங்க, தேதி தெரியுற மாதிரி, ஸ்கிரீன்ல பேட்டரி குறி தெரியுற மாதிரி. பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்து சேவ் பண்ணி வையுங்க. அந்த மீட்டர் சிம் லிம்லயும் கிடைக்கும் ஆன்லைன்லயும் கிடைக்கும், வீட்டுல ஒண்ணு இருந்தா அக்கம் பக்கத்துக்கே உதவும், நான் வாங்கி எதுத்த வீட்டுப் பையன்கிட்டயும் காட்டினேன். ரசீதை மட்டும் படம் எடுத்து ஈமெயில்ல போட்டு வச்சுக்குங்க, அந்தத் தாள்ல இருக்கிற எழுத்து நம்ம ஊர் வெக்கையில கொஞ்ச நாள்ல மங்கிரும்.

சோதனைக் கட்டணம்னு முன்னாடி வாங்கின காசு இன்னும் திரும்ப வரல. வாரண்டிக்குள்ள வந்தா திருப்பித் தருவோம்னு ரசீதுலயே எழுதியிருக்கு, வாரண்டியிலதான் போர்டும் மாத்தியிருக்காங்க. கேட்டா, அது பழைய டிக்கெட், அதை மூடியாச்சு, அந்த டிக்கெட்ல கோளாறு எதுவும் காணலன்னுதான் பதிவு இருக்குன்னு சொல்றாங்க. பெரிய காசு இல்ல, விட்டுருங்கன்னு வீட்டுல சொல்றாங்க. நான் விடல. ரெண்டு ரிப்போர்ட்டையும் சேத்து பயனீட்டாளர் சங்கத்துல புகார் போட்டிருக்கேன், அங்க நகரலன்னா 10 வெள்ளி கட்டி டிரிபியூனல்ல போட்டுருவேன், தேவையான தாளெல்லாம் ஒரு ஃபைல்ல வரிசையா அடுக்கி வச்சாச்சு.